பறவைகள் எண்ணிக்கை: ஒன்று

காளிச்சாமி முப்பத்தோரு வருஷம் கறிக்கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். வெள்ளகோவிலைச் சுற்றி நாற்பத்தாறு பண்ணைகள் அவர் பொறுப்பில் இருந்தன. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும். பண்ணைக்காரர் வளர்த்துக் கொடுப்பார். வளர்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. ஒரு குஞ்சு நாற்பத்திரண்டு நாளில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டும். நூற்றுக்கு நான்கு செத்தால் கம்பெனி கேள்வி கேட்காது. ஐந்தாவது செத்தால் கேட்கும். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் அவர் ஒரு வீடு கட்டினார், ஒரு மகளைப் பொறியியல் படிக்கவைத்தார், மூன்று வண்டிகளைத் தேய்த்தார்.

எதற்கும் அவருக்கு ஓர் எண் வேண்டும். அதுவும் எட்டக்கூடிய எண். மகள் பிரவீனா பள்ளியில் படித்தபோது, நன்றாகப் படி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "கணக்குல எழுவத்தெட்டு வந்திருக்குது. அடுத்த பரீச்சைக்கு எண்பத்திமூணு போதும் அம்மணி," என்பார். நூற்றுக்கு நூறு கேட்கும் தகப்பன்களை அவருக்குப் பிடிக்காது. நாற்பத்திரண்டு நாளில் மூன்று கிலோ கேட்கிற மேனேஜர் மாதிரி ஆட்கள் என்பார். பிரவீனா எண்பத்தொன்று வாங்கினாள். நாலு பெர்சென்ட்டுக்குள்தான் குறைகிறது என்று கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், ஆவணி மாதத்தில், அவர் மனைவி தெய்வாத்தாள் இறந்துபோனாள். காலையில் பால் காய்ச்சினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காங்கயம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு எந்த எண்ணும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் பிரவீனா பேச்சை எடுத்தாள். அவள் கோயம்புத்தூரில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளர். வீடு மதுக்கரையில். பேச்சு குறைவு. பக்கத்தில் அவள் கணவன் மோகன்குமார் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சு அதைவிடக் குறைவு.

"அப்பா, எங்களோட வந்துருங்க. மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது."

"எதுக்கு அம்மணி?"

"இங்க யாரு உங்களுக்குச் சோறாக்கறது?"

"நானே ஆக்கிக்கறேன்."

மோகன்குமார் இருமினார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மாமனாருக்கு எதிராக அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

"உங்களுக்கு அடுப்புப் பத்தவெக்கத் தெரியுமாங்க?" என்றாள் பிரவீனா.

"ஏந் தெரியாது? கேஸ் அடுப்பு வெச்சு அஞ்சாயிரம் குஞ்சுக்குச் சூடு குடுத்திருக்கறேன்."

"குஞ்சு கொழம்பு கேக்காதுங்க."

காளிச்சாமி அந்த வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம். சூப்பர்வைசர் எந்தப் பண்ணைக்குப் போனாலும் அங்கே ஒரு வட்டலில் சோறு போட்டுவிடுவார்கள். ராத்திரிக்கு வீட்டுக்கு வந்தால் தெய்வாத்தாள் போடுவாள். சமையலுக்கும் அவருக்கும் இருந்த உறவு ஒரே ஒரு கேள்விதான். வீட்டின் முன்பக்கத்து ஆசாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உப்புப் போட்டயா?" என்று கேட்பார். "போட்டாச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வரும். முப்பத்தைந்து வருஷம் கேட்டிருக்கிறார்.

"ஒரு பேட்ச் குடு," என்றார் மகளிடம்.

"என்னுங்க?"

"நாப்பத்திரண்டு நாள். அதுக்குள்ள நான் தனியா இருந்து காட்டறேன். முடியலீன்னா நீ சொல்ற எடத்துக்கு வாரேன்."

பிரவீனா யோசித்தாள். நாற்பத்திரண்டு நாள் அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அளவு. அந்த வீட்டில் மாதக் கணக்கு கிடையாது. விருந்து, காதுகுத்து, வெளியூர்ப் பயணம் எல்லாம் பேட்ச் கணக்குதான்.

"சரிங்க. என்ன செஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம்? அதை இப்பவே எழுதிக்கலாமுங்க."

காளிச்சாமிக்கு முகம் தெளிந்தது. பீரோவைத் திறந்து, மிச்சம் கிடந்த பேட்ச் கார்டு ஒன்றை எடுத்து வந்தார். கோழிக் கொட்டகை வாசலில் ஆணியில் தொங்கும் கெட்டியான அட்டை அது. நாள், தீவனம், மருந்து, எடை, மார்ட்டாலிட்டி என்று கட்டம் கட்டமாக இருக்கும். பின்பக்கம் திருப்பி மளமளவென்று எழுதினார். ஏழாம் நாள் இட்லி. பதினான்காம் நாள் சாம்பார், ரசம். இருபத்தொன்றாம் நாள் பொரியல் இரண்டு வகை. நாற்பத்திரண்டாம் நாள் ஒறம்பரை சனம் இருபது பேருக்கு விருந்து.

பிரவீனா வாங்கிப் படித்தாள்.

"அப்பா, எனக்கு எண்பத்திமூணு போதும்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமா."

"இதென்னுங்க நூத்துக்கு நூத்தியிருவது?"

பேனாவை வாங்கி எல்லாவற்றையும் அடித்தாள். இரண்டே இரண்டு வரி எழுதினாள். நாற்பத்திரண்டாம் நாள் அப்பா ஆக்கிய அரிசிம்பருப்புச் சாதத்தை அவள் ஒரு வட்டல் முழுக்கச் சாப்பிட முடிய வேண்டும். காலை வெறும் வயிற்றில் சர்க்கரை இப்போது இருக்கிற நூற்று முப்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. இரண்டும் நடந்தால் வெள்ளகோவில். ஒன்று தவறினாலும் மதுக்கரை.

"அரிசிம்பருப்பு மட்டும்னா கௌரவமா இருக்குமா அம்மணி?"

"முடியறதா இருக்கோணுமுங்க."

அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கும் சாதம் அது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் ஆண்கள் செய்வது. இறங்கிப்போன மாதிரி இருந்தாலும் காளிச்சாமி ஒத்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் அட்டையின் முன்பக்கத்தைப் பூர்த்தி செய்தார். பண்ணையாளர் பெயர்: காளிச்சாமி. பறவைகள் எண்ணிக்கை: 1. வயது என்ற கட்டத்தில் நாளைத்தான் எழுத வேண்டும். அறுபத்துமூன்று வருஷத்தை நாளாக மாற்ற முயன்று, லீப் வருஷத்தில் குழம்பி, விட்டுவிட்டார். அரிசி மண்டி எடைமேடையில் ஏறி இறங்கி வந்து, துவக்க எடை: 72.4 என்று எழுதினார்.

எடைக்கு ஒரு இலக்கு வேண்டுமே. பிரவீனா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழவுக்கு வந்த அத்தனை பேரும், "பாதியா எளச்சுப் போயிட்டீங்க," என்று சொல்லியிருந்தார்கள். அது ஒரு தகவல்தானே. நாற்பத்திரண்டாம் நாள் எடை: 78 என்று சொந்தப் பொறுப்பில் எழுதிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது, செத்த கணக்கு எழுதும் மார்ட்டாலிட்டிக் கட்டம். பறவை ஒன்றுதான், அது செத்தால் எழுத ஆள் இருக்காது. காலியாக விடவும் மனம் வரவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. அன்று பொழுது சாயக் கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "தெய்வா, தண்ணி கொண்டா," என்று வாய் தானாகச் சொன்னது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். படுப்பதற்குள் ஆறு கோடு ஆகிவிட்டது. இதற்கும் இலக்கு வைத்தார்: தினக் கணக்கில் வாரத்துக்கு ஒன்று குறைந்தாலும், நாற்பத்திரண்டாம் நாள் பூஜ்யம்.

சமையலைக் குஞ்சு வளர்ப்பு முறைப்படியே தொடங்கினார். முதல் வாரம் பாலும் ரொட்டியும்; அது குஞ்சுத் தீவனம். இரண்டாம் வாரம் ரவை உப்புமா, வளர் தீவனம். உப்புமா ஒரு தடவை கட்டியானது, ஒரு தடவை ஓடியது, மூன்றாம் தடவை வாணலியை விட்டு வர மறுத்து, வாணலியோடு கொல்லைப்புறப் பொடக்காலிக்குப் போனது. மூன்றாம் வாரத்திலிருந்து கடைசித் தீவனம், அதாவது அரிசிம்பருப்பு. எடை இலக்கு இருந்ததால் மூன்று வேளையும் இரண்டு வட்டல் சாப்பிட்டார். ராத்திரி படுக்கும் முன் இரண்டு வாழைப்பழம், ஒரு கை நிலக்கடலை, ஒரு துண்டு வெல்லம். திங்கட்கிழமை தோறும் எடைமேடை ஏறினார். எழுபத்து நாலு. எழுபத்தைந்தரை. கிராஃப் போட்டால் எந்த மேனேஜரும் கை கொடுப்பார்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பிரவீனா போன் செய்வாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்தரை?"

"ஆச்சு."

"சரிங்க."

தெய்வாத்தாள் இருந்தபோது இந்த போன் ஒரு மணி நேரம் ஓடும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் செய்த தப்பு பதினாறாம் நாள் தொடங்கியது. தன் அரிசிம்பருப்பைச் சோதிக்க ஆள் வேண்டுமென்று நினைத்தார். நினைத்தது சரி. பக்கத்து வீட்டுப் பாவாத்தாளிடம் கொண்டுபோனது தப்பு.

பாவாத்தாள் இரண்டு எருமை வைத்திருப்பவள். தெய்வாத்தாளுக்குத் தோழி. ஒரு போசி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்து, அரை மணி கழித்துப் போய்க் கேட்டார்.

"எப்படி அம்மணி இருக்குது?"

"நல்லாருக்குதுங்ணா. அக்கா ஆக்குன மாதரயே இருக்குதுங்ணா."

மறுநாளும் கொடுத்தார். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலீங்ணா," என்றாள். அதற்கடுத்த நாள், "எங்கூட்டுக்காரரு கேட்டுக் கேட்டுத் தின்னாருங்ணா," என்றாள்.

காளிச்சாமிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து மரியாதையை அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லை. பாதிக் கொட்டகை சீக்கு வந்து செத்துக் கிடக்கும்போதுகூடப் பண்ணைக்காரர், "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்ணா, வாங்க, டீ சாப்புடலாம்," என்றுதான் சொல்வார். டீயைத் தள்ளி வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குள் நுழைந்து, செத்ததைக் கையால் எண்ணுவதுதான் சூப்பர்வைசர் பாடம். முப்பத்தோரு வருஷம் ஒருத்தர் வாயையும் நம்பாதவர், பாவாத்தாள் வாயை நம்பினார். தன் விஷயம் என்று வந்தால் எல்லோருக்கும் டீ இனிக்கும்.

நம்பியதோடு நிற்கவில்லை. பிரவீனா அடித்துப்போட்ட பட்டியலை மறுபடி எழுதினார். புளிக்குழம்பு சேர்த்தார். ரசம் சேர்த்தார். நாற்பத்திரண்டாம் நாளுக்கு இனிப்பாக ஒப்புட்டு போட்டு மகளை அசத்திவிடலாம் என்று கடலைப்பருப்பு இரண்டு கிலோ வாங்கி வைத்தார். இருபது பேர் விருந்தும் திரும்ப வந்தது. பன்னிரண்டு பேராகக் குறைத்துக்கொண்டார். நடைமுறைக்கு ஒத்து வர வேண்டுமல்லவா.

முப்பத்துமூன்றாம் நாள் காலையில், கொடுத்த போசிகளைத் திரும்ப வாங்கப் பாவாத்தாள் வீட்டுக்குப் போனார். வாசலில் ஆளில்லை. பொடக்காலிப் பக்கம் சாணம் வழிக்கும் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போனார்.

எருமைத் தொட்டியில் முந்தின நாள் அரிசிம்பருப்பு இருந்தது. அவருடைய அரிசிம்பருப்புதான், பருப்பைவிடக் கடுகு அதிகமாக இருந்ததில் அடையாளம் தெரிந்தது. கொடுத்த மேனிக்குப் போசி வடிவத்தில் அப்படியே குவிந்திருந்தது. ஒரு எருமை அதை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த சோளத்தட்டைக் கடித்தது. இன்னொன்று மோந்துகூடப் பார்க்கவில்லை.

பாவாத்தாள் நிமிர்ந்தாள். அவர் தொட்டியைப் பார்ப்பதைப் பார்த்தாள். கையில் சாணம் வழிக்கும் தகரம் அப்படியே நின்றது.

"வாங்ணா," என்றாள்.

"வந்தேன் அம்மணி. போசி வாங்கலாம்னு."

"கழுவி வெச்சிருக்கறனுங்ணா. இருங்க, எடுத்தாரேன்."

"மெதுவா எடு அம்மணி."

"எருமைக்கு ரெண்டு நாளா மேலு சரியில்லீங்ணா. எதுவுமே திங்க மாட்டேங்குதுங்ணா."

எருமை சோளத்தட்டை சத்தமாகக் கடித்தது.

"பாத்துக்க அம்மணி. காலம் கெட்டுக் கெடக்குது," என்றார் காளிச்சாமி. போசிகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு மேல் இரண்டு பேராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்பது நாள்தான் பாக்கி. கோழி தீவனம் எடுக்கவில்லை என்றால் கோழியைத் திட்டாதே, தீவனத்தைப் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். பானையில் மிச்சமிருந்த அரிசிம்பருப்பில் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆவணியிலிருந்து அவருக்கு எதைத் தின்றாலும் ஒன்று போலத்தான் இருந்தது. பழுதான தராசை வைத்துக்கொண்டு எடை போட முடியாது. இதை மகள்தான் எப்போதோ சொல்லியிருந்தாள்.

உண்மை சொல்லும் ஒரு வாய் வேண்டும். அவர் மேல் கோபம் இருக்கிற வாயாக இருந்தால் நல்லது. யோசித்துப் பார்த்ததில் ஒருத்தன் அகப்பட்டான்: முத்தூர் ரோட்டில் பண்ணை வைத்திருக்கும் சுரேந்தர். நாலு வருஷத்துக்கு முன் அவன் கார்டில் 'கவனக்குறைவு' என்று எழுதி, இரண்டு பேட்ச் குஞ்சு இறக்காமல் நிறுத்தி வைத்தவர் காளிச்சாமி. டிபன் பாக்ஸை வண்டியில் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கிளம்பினார்.

"வாங்ணா, வாங்ணா. ஏனுங்ணா இந்த வெய்யில்ல? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே," என்று ஓடி வந்தான் சுரேந்தர்.

"சுரேந்தரு, உனக்கு எம்மேல கோவம் இருக்குதில்ல?"

"என்னுங்ணா பேச்சு இது. கோவமெல்லாம் இல்லீங்ணா."

"உன்ற கொட்டாயி மூணு மாசம் சும்மா கெடந்துது. என்னாலதான்."

"அது உங்க கடமைங்ணா."

"மனசுக்குள்ள திட்டியிருப்பயே."

சுரேந்தர் தரையைப் பார்த்தான். "கொஞ்சமாத்தானுங்ணா."

"அது போதும். இந்தா, இதைத் தின்னுபோட்டு நெசத்தைச் சொல்லு."

சுரேந்தர் ஒரு வாய் வைத்தான். கண் இரண்டும் ஒரு தடவை மூடித் திறந்தன. மென்றான். விழுங்கினான். கொஞ்ச நேரம் தொலைவில் போகும் டவுன் பஸ்ஸைப் பார்த்தான்.

"அருமைங்ணா."

"அப்ப இன்னொரு வாய் தின்னு."

"வயிறு நெறஞ்சிருக்குதுங்ணா."

"காலைல எத்தனை மணிக்குத் தின்னே?"

"ஏழுங்ணா."

"இப்ப மணி ஒண்ணு. நெறஞ்சிருக்குதா?"

"சாவகாசமா அப்புறமேட்டுக்குச் சாப்புடறனுங்ணா."

காளிச்சாமி கயிற்றுக் கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். செத்த கோழியை எங்கே புதைத்தாய் என்று கேட்கும் பழைய குரல் வந்தது.

"உப்பு இருக்குதா?"

"இருக்குதுங்ணா."

"எவ்வளவு இருக்குது?"

"தேவையானது இருக்குதுங்ணா."

"எத்தனை பேருக்குத் தேவையானது?"

சுரேந்தர் டிபன் பாக்ஸைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பண்ணை நாயைப் பார்த்தான். நாலு வருஷக் கோபம் மெல்ல மேலே வந்தது.

"உங்க ஊடு இருக்கற வீதிக்கே போதுமுங்ணா," என்றான். சொல்லிவிட்டுப் பயந்துபோய் இரண்டு கையையும் கூப்பினான். "மன்னிச்சுப்போடுங்ணா. வாய் தவறி வந்துருச்சுங்ணா."

காளிச்சாமி எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பத்துமூன்று நாளில் அவருக்குக் கிடைத்த முதல் சரியான அளவு அது.

"வேற என்ன கொறை?"

"வேற ஒண்ணும் தெரியலீங்ணா. உப்பைத் தாண்டிப் போக முடியலீங்ணா."

அன்று மாலை சமைக்கும்போது தன்னையே பக்கத்தில் நின்று கவனித்தார். தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டார். ஆசாரத்துக்குப் போய் உட்கார்ந்தார். "உப்புப் போட்டயா?" என்று வாய் கேட்டது. உள்ளேயிருந்து பதில் இல்லை. பதில் இல்லையென்றால் போடவில்லை என்று அர்த்தம். எழுந்து போய் மறுபடி போட்டார். வெளியே வந்தார். மூன்றாம் தடவை எழும்பும்போதுதான் பிடிபட்டது.

குற்றவாளி அகப்பட்டதும் வேலை சுலபம். கார்டில் மருந்து என்ற கட்டத்தை அடித்து உப்பு என்று திருத்தினார். போட்டதும் ஒரு கோடு. கோடு இருந்தால் கை டப்பாப் பக்கம் போகக் கூடாது. பின்பக்கப் பட்டியலை எடுத்தார். விருந்தை அடித்தார். ஒப்புட்டை அடித்தார். புளிக்குழம்பு, ரசம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மிச்சம் ஒன்பது நாளுக்கும் ஒரே இலக்கு எழுதினார்: உப்பு, ஒரு தடவை.

இட்லி, சாம்பார் என்று தொடங்கிய மனிதர் அங்கே வந்து நின்றார். ஆனால் இதை எட்டிவிட முடியும் என்று முதல் முறையாக நம்பிக்கை வந்தது. சுரேந்தருக்கு நான்கு தடவை டிபன் பாக்ஸ் போயிற்று. நான்காம் தடவை அவன் பாதி தின்றான். சாட்சிக்கு நின்று பார்த்தார்.

நாற்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பிரவீனா தனியாகக் காரில் வந்தாள். பின்பக்கத்தைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாள். பெட்டி ஏற்ற இடம் வேண்டுமே. அதை அவர் ஜன்னல் வழியே கவனித்தார்.

"சாப்புடலீங்களே?"

"பச்சைத் தண்ணி குடிச்சேன்."

விரலைக் குத்தி, கையோடு கொண்டுவந்த சர்க்கரை மானியில் பார்த்தாள். நூற்று அறுபத்திரண்டு. அவள் இன்னொரு சோதனைப் பட்டை எடுத்து, இன்னொரு விரலில் பார்த்தாள். நூற்று அறுபது. ஒரே அளவை நம்பாத வளர்ப்பு.

காளிச்சாமி பானையின் மூடியைத் திறந்தார். "சோத்தைத் தின்னு பாரு," என்றார்.

ஒரு வட்டல் போட்டார். நெய் ஊற்றினார். அவள் சாப்பிடும்போது அவர் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உப்பு சரியா இருக்குதுங்க."

"அப்பறம்?"

"பருப்பு கொஞ்சம் வேகலீங்க."

"நாலு பெர்சென்ட் இருக்குமா?"

"ஆறு இருக்குமுங்க."

ஆனாலும் வட்டல் காலியானது. அவளே எழுந்து போய் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

கை கழுவிவிட்டுக் கார்டை வாங்கினாள். மேலிருந்து கீழாகப் படித்தாள். எடைக் கட்டத்தில் விரல் நின்றது.

"எழுவத்தியெட்டு புள்ளி ஒண்ணா?"

"டார்கெட்டைத் தாண்டிருச்சு," என்றார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

"இந்த டார்கெட்டை யாருங்க வெச்சா?"

"எழவுக்கு வந்தவங்க அத்தன பேரும் எளச்சுப் போயிட்டீங்கன்னாங்க அம்மணி."

"அது சும்மா சொல்றதுங்கப்பா."

"இந்த ஊர்ல நெசத்தை எப்பத்தான் சொல்லுவாங்க?"

"நீங்க என்ன கோழிங்களா? எழுவத்தெட்டு கிலோ ஆனா லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போகுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது.

"இது மார்ட்டாலிட்டிதானுங்களே? இருக்கறது ஒரே கோழி. எப்படிங்க தெனம் ஆறு சாகும்?"

அவள் வாரவாரமாகக் கூட்டினாள். நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தேழு. நாற்பத்தொன்று.

"எதுவோ தெரியலீங்க. ஆனா கொறையவே இல்லை."

"கொறையலை. அது ஃபெயிலு."

"என்னுங்க இது?"

"உங்கம்மாளைக் கூப்புட்டது," என்றார். "ஊட்டுக்குள்ள வந்தா வாய் கூப்புட்டுருது. தண்ணி கொண்டான்னு, உப்புப் போட்டயான்னு. நாப்பத்திரண்டு நாள்ல நின்னுரும்னு வெச்சேன்."

பிரவீனா கார்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடுகளெல்லாம் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருந்தன. ஒன்றைக்கூட அவர் விட்டுவிடவில்லை.

"நான் எண்ணறதில்லீங்க," என்றாள் கடைசியில்.

பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்தாள். "இதுக்கு டார்கெட் வேண்டாமுங்க."

காளிச்சாமி தலையாட்டினார். பிறகு எழுந்து உள்ளே போனார். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னுங்க பண்றீங்க?"

"ரெண்டுல ஒண்ணு தவறிருச்சு. எழுதுனது எழுதுனதுதான். கெளம்பறேன்."

"உக்காருங்கப்பா."

"நான் யாருக்காவது ஒரு நாள் தவணை குடுத்திருக்கறனா? சுரேந்தரைக் கேளு."

"சக்கரை சோறாக்குனதுனால ஏறுலீங்க. எடைக்கு வெச்ச டார்கெட்னால ஏறுச்சு. ஆளு பாஸ். எழுதுனதுதான் தப்பு. அதைத் திருத்திப்போட்டு அடுத்த பேட்ச் போடலாமுங்க. எப்ப ஆரம்பிக்கறீங்க? நாளைக்கா?"

"நாளைக்கா?" என்று அவர் திடுக்கிட்டார். "நாளைக்கே எப்படி எறக்கறது? கேப் உடோணுமில்ல?"

ஒரு பேட்ச் கோழி போனதும் கொட்டகையைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்துப் பதினைந்து நாள் சும்மா போட வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே குஞ்சு இறக்கினால் பழைய சீக்கு புதுக் குஞ்சுக்கு ஒட்டும். இதற்காக அவர் நாற்பத்தாறு பண்ணைக்காரர்களோடும் சண்டை போட்டிருக்கிறார். வாயில் பழகிய வாக்கியம், கேட்டதும் வந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

பிரவீனா அவசரப்படவில்லை.

"எத்தனை நாளுங்க?"

"பதினஞ்சு."

"அந்தப் பதினஞ்சு நாளும் கொட்டாயி காலியா இருக்கோணும். அதுக்குள்ள யாரும் இருக்கக் கூடாது."

"ஆமா."

"அப்ப நீங்க மதுக்கரையில இருக்கோணும்."

காளிச்சாமி பெட்டியைப் பார்த்தார். பாதி இழுத்த நிலையில் நிலைப்படியில் நின்றது. முழுசாக இழுக்கவும் வேண்டாம், திரும்பத் தள்ளவும் வேண்டாம் என்று ஆனதில் அவருக்கு ஒரு நிம்மதி.

"இருவது நாளா வெச்சுக்கலாமுங்க," என்றாள்.

"பதினஞ்சு. எந்த மேனேஜர் சொன்னாலும் பதினஞ்சு."

"பதினெட்டு."

"பதினாறாம் நாள் காலைல நான் பஸ் ஏறிருவேன் அம்மணி."

"சரிங்க."

அவரே பீரோவிலிருந்து புதுக் கார்டு ஒன்றை எடுத்து வந்தார். அவள் எழுதினாள். சமையல்: வாரத்துக்கு மூன்று நாள். மிச்ச நாள் மெஸ் சாப்பாடு. ராத்திரி வெல்லம் கிடையாது. காலையில் ஓலப்பாளையம் ரோட்டில் அரை மணி நடை. சர்க்கரை: நூற்று நாற்பது.

"எடை?" என்று கேட்டார்.

"எழுவது."

"நாப்பத்திரண்டு நாள்ல எட்டுக் கிலோவா? உங்கிட்ட வேலை பாக்கறவங்க பாவம்."

"எழுவத்தி நாலு."

"எழுவத்தாறு."

"எழுவத்தஞ்சு."

"எழுவத்தஞ்சரை. அதுக்கு மேல கேட்டா கார்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் எழுபத்தைந்தரை என்று எழுதி அவரிடம் நீட்டினாள். கார்டின் அடியில் சூப்பர்வைசர் கையெழுத்துக்கு ஓர் இடம், பண்ணைக்காரர் கையெழுத்துக்கு ஓர் இடம். அவர் பேனா பழக்கத்தில் சூப்பர்வைசர் இடத்துக்குப் போனது. பிரவீனா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பண்ணைக்காரர் பக்கம் நகர்த்திவிட்டாள்.